சென்டரில் 90 சதவீதம், வீட்டில் பூஜ்யம்: பிள்ளை எதைப் பார்த்து எடுக்கிறான்?

கேள்வி இதுதான்: ஐந்து வயதுப் பையன், ஆட்டிசம் உள்ளவன், ஏபிஏ (நடத்தைப் பகுப்பாய்வை அடிப்படையாகக் கொண்ட பயிற்சி) தெரபிக்குப் போகிறான். "பந்து", "செருப்பு", "டம்ளர்" என்று சொன்னால் அந்தப் பொருளை எடுத்துக் கொடுப்பதில் 90 சதவீதம் என்று சென்டர் ரிப்போர்ட் சொல்கிறது. வீட்டில் அம்மா கேட்டால் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அப்பா கேட்டால் கைக்கு அகப்பட்டதை எடுக்கிறான். கை கழுவும்போதும் ஒவ்வொரு படிக்கும் யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அவனுக்கு இதெல்லாம் தெரியுமா, தெரியாதா?

"தெரியுமா" என்பதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். "எதைப் பார்த்து எடுக்கிறான், எதைக் கேட்டு எடுக்கிறான்" என்று கேட்டால், பாதிப் பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே கிடைக்கிறது. அவன் அம்மாவின் கையைப் பார்க்கிறான். "செருப்பு" என்ற சொல் காதில் விழுந்ததும் 'இப்போது எதையோ எடுக்க வேண்டும்' என்பது வரை அவனுக்குப் புரிகிறது. எதை எடுப்பது என்பதைக் கைதான் சொல்கிறது. கை நீளும் வரை காத்திருப்பது சோம்பேறித்தனமோ பிடிவாதமோ கிடையாது. அப்படித்தான் அவனுக்குப் பழக்கப்பட்டிருக்கிறது.

ஏபிஏவில் இதைத் தூண்டல் கட்டுப்பாடு என்பார்கள். ஒரு தூண்டல் (பார்க்கிற, கேட்கிற ஏதாவது ஒன்று) இருக்கும்போது ஒரு செயலுக்கு வலுவூட்டல் (அதைத் திரும்பச் செய்ய வைக்கும் பலன்) கிடைக்கிறது, அந்தத் தூண்டல் இல்லாதபோது கிடைப்பதில்லை. இந்த வித்தியாசம் திரும்பத் திரும்ப நடந்தால், அந்தத் தூண்டல் இருக்கும்போது மட்டும் செயல் தலைகாட்டும். பாட்டியிடம் கேட்டால் மொபைல் கிடைக்கும், அப்பாவிடம் கிடைக்காது என்றால், பாட்டி வீட்டுக்குள் நுழைந்ததும் மட்டும் பையன் கை நீட்டுவான். இதற்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

இதோடு பலரும் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று, அவனுக்கு அந்த நேரத்தில் அது வேண்டுமா என்பது. பாட்டி இருந்தும், வயிறு முட்டச் சாப்பிட்டுத் தூக்கம் வந்துவிட்டால் அவன் மொபைல் கேட்க மாட்டான். 'கிடைக்கும்' என்று காட்டும் தூண்டல் ஒன்று, 'வேண்டும்' என்ற நிலையை உண்டாக்குவது வேறொன்று என்று 1982ல் நடத்தை ஆய்வாளர் ஜாக் மைக்கேல் பிரித்துக் காட்டினார். நடைமுறையில் இதன் பொருள் எளிது. முறுக்கை வைத்துப் பாடம் எடுக்கப்போகிறீர்கள் என்றால், அவன் இப்போதுதான் நாலு முறுக்கு தின்றானா என்று முதலில் பாருங்கள். தின்றிருந்தால் அன்றைய தப்புகளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ப்ராம்ப்ட் என்பது, சரியான பதிலை ஏற்கெனவே வரவழைக்கக்கூடிய ஒரு கூடுதல் தூண்டல். விரல் காட்டுவது, செய்து காட்டுவது, கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, "செரு..." என்று முதல் பாதியைச் சொல்வது, பொருளை அவன் பக்கம் நகர்த்தி வைப்பது எல்லாம் இதில் அடக்கம். பாடத்தின் வேலை, விரலிடம் இருக்கும் கட்டுப்பாட்டைச் சொல்லுக்கு மாற்றுவது. அதனால் எந்த ப்ராம்ப்டையும் கொடுக்கும் முன்பே, அதை எந்தப் படிகளில் எடுக்கப்போகிறோம் என்று தாளில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் ஆரம்பித்தால் அது நிலைத்துவிடும். பிள்ளைக்கும் சௌகரியம், சொல்லித்தருபவருக்கும் சௌகரியம், பதில்களைக் குறிக்கும் ஷீட்டிலும் ப்ளஸ்ஸாக நிறையும். யாருக்கும் அதை எடுக்க மனசு வராது.

இனி அந்த 90 சதவீதம். சென்டரில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, ப்ராம்ப்ட் கொடுத்து வந்த சரியான பதில்களும் அந்த 90க்குள் இருக்கின்றனவா? இரண்டு, ஒரு நேரத்தில் எத்தனை பொருட்கள் வைக்கிறார்கள்? இரண்டு பொருட்கள் மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலே பாதி சரியாக வரும். அங்கே 60 சதவீதம் என்பதற்கு அனேகமாக அர்த்தமே இல்லை. மூன்று பொருட்கள் என்றால் குருட்டாம்போக்கில் வருவது மூன்றில் ஒன்று. மூன்றாவது, இடம் மாறுகிறதா? பந்து எப்போதும் இடது பக்கம் என்றால் அவன் கற்றுக்கொண்டது இடது பக்கத்தை.

சொல்லித்தருபவருக்கே தெரியாமல் போகும் ப்ராம்ப்ட்கள்தான் மிக மோசம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை ஊரையே வியக்க வைத்தது. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். அதன் சொந்தக்காரர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் யாரையும் ஏமாற்றவில்லை. உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் சோதித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கேட்பவருக்கே விடை தெரியாவிட்டாலோ, கேட்பவரைக் குதிரை பார்க்க முடியாவிட்டாலோ, அதனால் விடை சொல்ல முடியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையும் உடம்பும் துளி அசைந்தன. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. ஒரு குதிரையால் பிடிக்க முடிந்த அசைவை, நாள் முழுக்க உங்கள் முகத்தையே பார்த்து வளரும் பிள்ளையால் பிடிக்க முடியாதா?

இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. போனை உங்கள் முகமும் மேசையும் தெரிகிற மாதிரி நிறுத்தி, பத்துத் தடவை கேட்பதைப் படம் எடுங்கள். பிறகு சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு வேறொருவரிடம் கொடுத்து, "எந்தப் பொருளைக் கேட்டிருப்பேன்?" என்று ஊகிக்கச் சொல்லுங்கள். மூன்று பொருட்களுக்கு அவர் மூன்று நாலு தடவை சரியாகச் சொன்னால் அது தற்செயல். ஏழு எட்டுத் தடவை சொல்லிவிட்டால் உங்கள் உடம்பு பேசுகிறது. எங்கே கசிகிறது என்பதையும் அதே படத்தில் பார்க்கலாம். கேட்கும் முன் கண் அந்தப் பொருள் மேல் ஒரு கணம் போகும். அவன் கை சரியான பொருளை நெருங்கும்போது தலை லேசாக ஆடும். தப்பான பொருளை நெருங்கினால் முகம் இறுகும். கேட்கப்போகும் பொருளைக் கடைசியாக மேசையில் வைப்பீர்கள், அல்லது ஒரு விரல்கடை முன்னால் வைப்பீர்கள். சரிசெய்வதும் கஷ்டம் இல்லை. அட்டை ஒன்றால் மறைத்தபடி பொருட்களை அடுக்கி, மூன்றையும் ஒன்றாகக் காட்டுங்கள்; கேட்கும்போது அவன் நெற்றியைப் பாருங்கள்; கைகள் மடியில் இருக்கட்டும்.

இன்னொரு சோதனை: பொருட்களை வைத்துவிட்டு, அர்த்தமில்லாத ஒரு சொல்லை அதே தொனியில் சொல்லுங்கள், "லூமி" என்பது போல. உடனே எதையாவது எடுத்தால், அவனை எடுக்க வைப்பது உங்கள் குரலும் மேசையில் இருக்கும் பொருட்களும். சொல்லின் வேறுபாடு இன்னும் அவன் காதில் ஏறவில்லை. தயங்கினாலோ உங்கள் முகத்தைப் பார்த்தாலோ, சொல்லைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறான் என்று நம்பலாம். இதை இரண்டு மூன்று தடவைக்கு மேல் செய்யாதீர்கள், அவனுக்கு எரிச்சல் வரும்.

சரி, திரும்பச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

முதலில் சொற்களைத் தேர்ந்தெடுப்பது. காதுக்கு வெகு தூரத்தில் இருக்கும் சொற்களாக எடுங்கள். "தட்டு", "தண்ணி", "தலகாணி" மூன்றையும் ஒன்றாக ஆரம்பித்தால் முதல் ஒலியில் ஒரு வேறுபாடும் இல்லை. உங்கள் மூன்று சொற்கள் நல்ல தேர்வுதான். பல இடங்களில் முதலில் பந்தை மட்டும் தனியாக மேசையில் வைத்து "பந்து" என்று கேட்டு, பிறகு இன்னொரு பொருளோடு சேர்த்து, பிறகு அடுத்த சொல் என்று போகிறார்கள். பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் மேசையில் பந்து மட்டும் இருக்கும்போது சொல்லைக் கேட்க வேண்டிய தேவையே அவனுக்கு இல்லை. கேட்காமல் எடுக்கும் பழக்கத்துக்குத்தான் வலுவூட்டல் போகிறது. ஆரம்பத்திலிருந்தே மூன்று பொருட்களோடும் மூன்று சொற்களோடும் போவது மேல் என்று க்ரோ குழுவினர் 2011ல் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுக் காட்டினார்கள். முதல் சில நாட்கள் மெதுவாகத்தான் இருக்கும். பதற வேண்டாம்.

சொல்லும்போது வெறும் "செருப்பு" போதும். "கண்ணா, அந்தச் செருப்பு எங்க இருக்கு, அம்மாவுக்கு எடுத்துக் குடு பாப்போம்" என்று நீட்டினால், வேறுபடும் ஒரே சொல் பத்து ஒலிகளுக்கு நடுவில் புதைந்துபோகும். நீட்டிச் சொல்வது பிறகு வரலாம், வரவும் வேண்டும்.

ஒன்பது தடவை கேட்பதை ஒரு செட்டாக வைத்துக்கொள்ளுங்கள். வரிசையை மனசில் வைத்துக் கேட்காதீர்கள். மனசு தனக்கென ஒரு வரிசையைக் கண்டுபிடித்துக்கொள்ளும், பிள்ளையும் அதைக் கண்டுபிடித்துவிடுவான். இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம் (இடது, நடு, வலது என்ற வரிசையில் பொருட்கள், பிறகு கேட்க வேண்டிய சொல்):

1. பந்து, செருப்பு, டம்ளர்: "பந்து"
2. செருப்பு, டம்ளர், பந்து: "டம்ளர்"
3. டம்ளர், பந்து, செருப்பு: "செருப்பு"
4. டம்ளர், செருப்பு, பந்து: "டம்ளர்"
5. செருப்பு, டம்ளர், பந்து: "பந்து"
6. பந்து, செருப்பு, டம்ளர்: "செருப்பு"
7. செருப்பு, பந்து, டம்ளர்: "டம்ளர்"
8. டம்ளர், பந்து, செருப்பு: "பந்து"
9. செருப்பு, டம்ளர், பந்து: "செருப்பு"

ஒவ்வொரு சொல்லும் மூன்று தடவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு தடவை. ஒரே சொல்லோ ஒரே இடமோ அடுத்தடுத்து வருவதில்லை. இது போல நாலைந்து தாள் தயார் செய்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

ப்ராம்ப்டுக்கு விரல் காட்டுவதே போதும், அது அவனிடம் நன்றாகவே வேலை செய்கிறது. மாற்ற வேண்டியது அது வரும் நேரத்தை. முதல் இரண்டு செட்டில் சொல்லும் விரலும் ஒன்றாக வரட்டும்: "செருப்பு" என்று சொல்லி முடிக்கும்போதே விரல் அதன் மேல். இது பூஜ்ய விநாடி. எடுத்தால் முழு வெகுமதி. மூன்றாவது செட்டிலிருந்து சொல்லிவிட்டு நாலு விநாடி காத்திருங்கள். எடுக்காவிட்டால் விரல் காட்டுங்கள். நாலு விநாடி என்பது வாயில் சொல்லிப் பார்க்கும்போது சிறியதாகவும், மேசையில் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போது மிக நீளமாகவும் இருக்கும். பெரும்பாலானோர் இரண்டாவது விநாடியிலேயே விரலை நீட்டிவிடுகிறார்கள். அதனால் மனசுக்குள் எண்ணுங்கள்.

பூஜ்யத்திலிருந்து நாலுக்குத் தாவுவது ஒரு முறை. 1, 2, 3, 4 என்று படிப்படியாக ஏற்றுவது இன்னொரு முறை. அவசரப்பட்டுத் தப்பாக எடுக்கும் பிள்ளைக்கு இரண்டாவதுதான் சரி. 1971ல் டச்செட் செய்த சோதனையில், ஒவ்வொரு சரியான பதிலுக்கும் பிறகு உதவி அரை விநாடி தள்ளிப்போனது. ஏதோ ஒரு கட்டத்தில் பிள்ளைகள் உதவி வருவதற்கு முன்பே சரியாகத் தொட ஆரம்பித்தார்கள். கட்டுப்பாடு கைமாறிய கணத்தை அப்படிக் கண்ணால் பார்க்க முடிந்தது. உங்கள் ஷீட்டிலும் தேட வேண்டியது அந்தக் கணத்தைத்தான். அதனால் ப்ளஸ், மைனஸ் மட்டும் போட்டால் பயன் இல்லை. விரலுக்கு முன் சரி, விரலுக்குப் பின் சரி, விரலுக்கு முன் தப்பு, விரலுக்குப் பின் தப்பு என்று நாலு குறிகள் வேண்டும்.

இந்த நாலில் எது அதிகம் என்பதை வைத்து வேறு வேறு மருந்து. விரலுக்கு முன் தப்பு என்றால் அவனுக்குக் காத்திருக்கத் தெரியவில்லை. விநாடியைக் குறையுங்கள், தேவைப்பட்டால் பூஜ்யத்துக்கே போங்கள். விரலுக்குப் பின்னும் தப்பு என்றால் விரலே வேலை செய்யவில்லை, அல்லது உங்கள் கையில் இருக்கும் வெகுமதியில் அவனுக்கு ஆசை இல்லை. விரலுக்குப் பின் சரி என்பது மட்டும் நாலைந்து செட்டாகத் தொடர்ந்தால், இதுதான் உங்கள் வீட்டில் நடப்பது: காத்திருந்தால் நஷ்டம் இல்லை என்று அவன் கண்டுகொண்டான். அப்போது கூலியில் வித்தியாசம் வைக்க வேண்டும். விரலுக்கு முன் எடுத்தால் அவனுக்கு மிகப் பிடித்தது, உடனே, தாராளமாக. விரலுக்குப் பின் எடுத்தால் "ம், சரி" மட்டும். முதல் இரண்டு பூஜ்ய விநாடி செட்டுக்கு இந்த வித்தியாசம் வேண்டாம். அங்கே அவனுக்கு முந்திக்கொள்ள வாய்ப்பே இல்லை.

தப்பாக எடுத்தால் பேசாமல் பொருட்களை எடுத்துவிடுங்கள், இரண்டு விநாடி விட்டுத் திரும்ப அதே வரிசையில் வையுங்கள், சொல்லோடு உடனே விரல். சரியாக எடுப்பான். இங்கேயே முறுக்கைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் 'முதலில் தப்பாக எடு, பிறகு அம்மா காட்டுவாள், பிறகு முறுக்கு' என்ற முழுத் தொடருக்கும் வலுவூட்டல் போய்விடும். நடுவில் அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள், "கை தட்டு" போல. அதற்குப் பிறகு விரல் இல்லாமல் திரும்ப அதே சொல். இப்போது சரியாக எடுத்தால் கொடுக்கலாம். "இல்ல, இல்ல, நல்லா பாரு" என்ற வார்த்தைகளால் எதுவும் கற்றுக்கொடுக்க முடியாது. சில பிள்ளைகளுக்கு அந்தப் பதற்றமே வேடிக்கையாகி, வெகுமதியாகிவிடும்.

தப்புகளை ஏன் இவ்வளவு தவிர்க்க வேண்டும் என்பதற்கு 1963ல் டெரஸ் புறாக்களை வைத்துச் செய்த ஆய்வு பழைய, ஆனால் இன்றும் செல்லுபடியாகும் பதில். சிவப்புப் பொத்தானைக் கொத்தினால் தீனி, பச்சையைக் கொத்தினால் இல்லை. பச்சையை ஆரம்பத்திலேயே, மிக மங்கலாக, மிகக் குறைந்த நேரம் காட்டி, மெல்ல மெல்ல ஒளியையும் நேரத்தையும் கூட்டினார். அந்தப் புறாக்கள் அனேகமாகத் தப்பே செய்யாமல் கற்றுக்கொண்டன. வழக்கமான முறையில் பழகியவை பச்சையை எக்கச்சக்கமாகக் கொத்திக் கொத்தித்தான் விட்டன. தப்பும் ஒரு பயிற்சிதான். இருபது தடவை தப்பான பொருளை எடுத்தவன் அதை இருபது தடவை பழகியிருக்கிறான்.

இதிலேயே இன்னொரு பக்கம் இருக்கிறது: பொருளின் எந்த அம்சம் அவனைக் கட்டுப்படுத்துகிறது என்பது. 1961ல் ரெனால்ட்ஸ் இரண்டு புறாக்களுக்குச் சிவப்புப் பின்னணியில் வெள்ளை முக்கோணத்தைக் கொத்தப் பழக்கினார். பிறகு நிறத்தையும் முக்கோணத்தையும் தனித்தனியாகக் காட்டியபோது, ஒன்று சிவப்பை மட்டும் கொத்தியது, மற்றொன்று முக்கோணத்தை மட்டும். 1971ல் லோவாஸ் குழுவினர் ஒளி, ஒலி, தொடு அழுத்தம் மூன்றும் சேர்ந்து வரும் தூண்டலை வைத்துக் குழந்தைகளைப் பழக்கிவிட்டுத் தனித்தனியாகச் சோதித்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுக்கு மட்டுமே பதில் தந்தார்கள். ஃப்ளாஷ் கார்டின் மடங்கிய மூலையையோ, லேமினேஷனில் இருக்கும் குமிழியையோ பார்த்து "யானை" என்று சொல்லும் பிள்ளை இந்த வகை. கார்டை மாற்றினால் யானை காணாமல் போகும்.

எழுத்துக்கு வரும்போது இது பெரிய தலைவலி. ண, ன இரண்டையும் பிரித்துக் காட்ட, பலரும் ண எழுத்துக்குச் சிவப்பு நிறம் பூசுவார்கள். பிள்ளை நிறத்தைப் பார்த்து நூற்றுக்கு நூறு வாங்கும். கறுப்பில் எழுதினால் பூஜ்யம். இரண்டு எழுத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு சுழி. உதவியை அந்தச் சுழியின் மேலேயே வைக்க வேண்டும். முதல் கார்டில் ண எழுத்தின் கூடுதல் சுழி மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு பெரியதாக, தடித்த கோட்டில். அடுத்தடுத்த ஆறேழு கார்டுகளில் அந்தச் சுழி கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, கடைசிக் கார்டில் அச்சில் இருப்பது போலவே. இப்போது உதவி குறையக் குறைய, பார்க்க வேண்டிய இடத்திலேயே கண் நிற்கும். உதவியை வேறுபாட்டுக்கு உள்ளேயே வைப்பதற்கும் வெளியே ஒட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை 1975ல் ஷ்ரைப்மன் காட்டினார்: விரல் போன்ற வெளி உதவியில் தேறாத பாடம் பலவும் உள் உதவியில் தேறின. கணினியில் ஒரு மணி நேர வேலைதான். ஆனாலும் இதைச் செய்பவர்கள் குறைவு.

கை கழுவுவதில் நிலைமை வேறு. அங்கே வாயால் சொல்வதுதான் நோய். "குழாயத் தொற, கைய நனை, சோப்பு போடு, தேய்" என்று சொல்லச் சொல்லச் செய்கிறான் என்றால், ஒவ்வொரு படிக்கும் தூண்டல் உங்கள் குரல். வர வேண்டியதோ, ஒரு படி முடிந்த நிலையே அடுத்த படிக்குத் தூண்டல் ஆவது: கை நனைந்திருப்பது சோப்புக்கு, நுரை தண்ணீருக்கு, நுரை போனது குழாயை மூடுவதற்கு. பேச்சு நடுவில் நின்றுகொண்டு இந்த இணைப்பை மறைக்கிறது. ப்ராம்ப்ட்களிலேயே எடுக்க மிகக் கடினமானது பேச்சுதான். காரணம், நம்மால் வாயை அடக்க முடிவதில்லை.

ஒரே ஒரு முறை "கை கழுவு" என்று சொல்லிவிட்டு, அவன் பின்னால் நில்லுங்கள். முன்னால் நின்றால் முகம் பேசும். குழாயைத் திற, நனை, சோப்பு எடு, உள்ளங்கை தேய், புறங்கை தேய், நுரையைக் கழுவு, குழாயை மூடு, துடை: எட்டுப் படி. மூன்று விநாடிக்குள் அடுத்த படிக்குப் போகாவிட்டால் பின்னாலிருந்து கையை மெதுவாக அதன் மேல் கொண்டுபோங்கள், ஒரு சொல்லும் இல்லாமல். கை அசைய ஆரம்பித்ததும் உங்கள் பிடி தளர வேண்டும். நாட்கள் போகப் போகத் தொடும் இடம் மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று பின்வாங்கட்டும்; பிறகு தொடாமல் ஒரு சாண் தள்ளி உங்கள் கை நிழல் போல வரட்டும்; பிறகு ஓரடி பின்னால். கடைசிப் படியை முதலில் விட்டுக்கொடுக்கும் முறையும் நன்றாக வேலை செய்யும்: ஏழு படிக்கு உதவி, துடைப்பது மட்டும் அவனே, அது உறுதியானதும் குழாயை மூடுவதும் அவனே.

கையைப் பிடிப்பதில் ஒரு எல்லை உண்டு. அவன் கையை இழுத்துக்கொண்டால் அது மறுப்பு, விட்டுவிடுங்கள். வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செய்ய வைத்தால் குழாயடியே தப்பி ஓட வேண்டிய இடமாகிவிடும்; அதுவும் ஒரு தூண்டல் கட்டுப்பாடுதான், நாம் விரும்பாத வகை. தொடுவது பிடிக்காத பிள்ளைக்குச் சுவரில் எட்டுப் படங்களை ஒட்டி, பின்னாலிருந்து படத்தை மட்டும் காட்டுங்கள். படங்கள் நிரந்தரமாக இருந்தாலும் குற்றமில்லை. எல்லா ப்ராம்ப்டையும் எடுத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் தேவையற்றது. மனிதர் கூடவே நிற்க வேண்டிய ப்ராம்ப்டைத்தான் எடுக்க வேண்டும்.

கூடுதல் உதவியில் தொடங்கிக் குறைப்பதா, குறைந்த உதவியில் தொடங்கிக் கூட்டுவதா என்ற கேள்வி எப்போதும் வரும். புதிதாகக் கற்பதற்கு முதலாவது. பாதி தெரிந்ததற்கும், தெரிந்ததா என்று சோதிப்பதற்கும் இரண்டாவது. உங்கள் பையனைப் போல, காத்திருந்தால் உதவி வளர்ந்துகொண்டே வரும் என்று கண்டுகொண்ட பிள்ளையிடம் இரண்டாவது முறையைத் தள்ளி வைக்கலாம்.

வீட்டுக்கும் சென்டருக்கும் உள்ள இடைவெளி தானாக மூடாது. ஓரிடத்தில் கற்றுக்கொடுத்துவிட்டு, மற்ற இடங்களுக்கும் பரவும் என்று நம்பி இருப்பதை 1977லேயே ஸ்டோக்ஸும் பேயரும் ஒரு முறை என்றே பட்டியலில் சேர்த்தார்கள், கொஞ்சம் கிண்டலோடு. பரவலையும் திட்டமிட வேண்டும். சிவப்பு ரப்பர் பந்து, டென்னிஸ் பந்து, துணிப் பந்து. அப்பாவின் செருப்பு, அவனுடைய செருப்பு. எவர்சில்வர் டம்ளர், பிளாஸ்டிக் டம்ளர். மேசை, தரை, வாசல். அம்மா, அப்பா, பாட்டி. "செருப்பு", "செருப்ப எடு", "செருப்பு எங்க?" எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள், ஒரு நேரத்தில் ஒன்று. அப்பா கேட்கும்போது பொருளும் இடமும் பழையதாக இருக்கட்டும். முதல் நாள் அம்மா பக்கத்தில் உட்காரலாம், பேசாமல், கையைக் கட்டிக்கொண்டு. அடுத்த நாள் கதவருகே. பிறகு வெளியே.

நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கையேடுகளில் இது இருக்காது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "பந்த" என்று காதில் விழுந்ததுமே அவன் கை பந்துக்குப் போய்விடும். "எடு", "குடு", "உருட்டு", "ஒளிச்சு வை" எதுவும் கேட்கப்படாமலே போகும். பெயர்ச்சொல் உறுதியானதும், பொருள் ஒன்றையே வைத்து வினையை மட்டும் மாற்றும் பாடம் தனியாக வேண்டும்: பந்து மட்டும் மேசையில், "பந்த உருட்டு", "பந்த குடு", "பந்த தூக்கிப் போடு", மேலே உள்ள ஒன்பது வரிசை போலவே கலந்து. சொல்லி முடிக்கும் வரை பந்து உங்கள் உள்ளங்கைக்கு அடியில் இருக்கட்டும், பிறகு விடுங்கள். "எடு", "குடு" இரண்டும் காதுக்கு மிக அருகில் இருப்பதால் ஆரம்பத்தில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். "இது என்ன?", "இது என்ன கலர்?" என்ற கேள்விகளிலும் இதே தொல்லை. "இது என்ன" என்றதுமே "பந்து" என்று வந்துவிடும், "கலர்" காற்றில் போகும். இங்கே "கலர் என்ன?" என்று வேறுபடும் சொல்லை முன்னால் வைத்து ஆரம்பித்து, பதில்கள் பிரிந்த பிறகு வழக்கமான வரிசைக்கு மாறுவது எளிது.

கற்றுவிட்டான் என்று எப்போது எழுதலாம்? சூடு பிடித்த பிறகு, செட்டின் நடுவில் வரும் சரியான பதில்களை நம்பாதீர்கள். காலையில் முதன்முதலாக, எந்த முன்பயிற்சியும் இல்லாமல், விரலும் இல்லாமல் கேட்கும் ஒன்பதில் எட்டு வர வேண்டும். அடுத்தடுத்து மூன்று நாள், அதில் ஒரு நாளாவது அப்பா கேட்டிருக்க வேண்டும். பிறகு ஒரு வாரம் பாடத்தை நிறுத்திவிட்டு ஒரு முறை, ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. இந்த அளவுகோலையே சென்டரிலும் கேளுங்கள், ஷீட்டில் ப்ராம்ப்டோடு வந்ததையும் தானாக வந்ததையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்தும் எட்டு வந்தால் பந்து, செருப்பு, டம்ளரை விட்டுவிட்டு, "உருட்டு", "குடு", "தூக்கிப் போடு" என்று வினைகளை ஆரம்பிக்கலாம்.